வருடக்கணக்கில் நின்ற டிராக்டரில் செல்ஃப் அடிக்கும் முன்

பேட்டரியை மாட்டியதும் செல்ஃப் அடிக்காதீர்கள். பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் துருவேறி, சிலிண்டரின் உட்சுவரான லைனரில் ஒட்டியிருந்தால் உடைந்துவிடும். முதலில் சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் 10 மில்லி அளவுக்கு டீசலும் இன்ஜின் ஆயிலும் கலந்து ஊற்றி ஓர் இரவு விடுங்கள். மறுநாள் கிராங்க் புல்லியை ஸ்பேனரால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். இறுகினால் மல்லுக்கட்ட வேண்டாம்; இன்னும் இரண்டு நாள் ஊறட்டும்.

இன்ஜின் ஆயில் பால்போல வெளுத்துத் தெரிந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது, காரணம் தெரியாமல் ஓட்டக்கூடாது. ஏர் கிளீனருக்குள் எலிக்கூடு இருக்கலாம், பாருங்கள்.

டேங்கில் பழைய டீசலை முழுக்க இறக்கி, ஃபில்டர்களை மாற்றுங்கள். பிறகு ஏர் எடுப்பது, அதாவது டீசல் லைனில் சிக்கிய காற்றை வெளியேற்றுவது: ஃபில்டர் மேலுள்ள ஸ்க்ரூவைத் தளர்த்தி, குமிழி நிற்கும்வரை கை பம்ப் அடியுங்கள். அடுத்து இன்ஜெக்டர்களுக்கு டீசல் அனுப்பும் பம்ப்பின் ஸ்க்ரூவிலும் இதேபோல. கடைசியாக, திரும்ப மாட்டிய இன்ஜெக்டர்களின் பைப் நட்டுகளை ஒரு சுற்று தளர்த்தி செல்ஃப் அடிக்கவேண்டும். 10 வினாடிக்கு மேல் வேண்டாம், ஒரு நிமிடம் ஆறவிடுங்கள். பீய்ச்சும் டீசல் தோலைத் துளைக்கும், கையை நீட்டாதீர்கள்.

எனக்கு உண்மையான பயம் இன்ஜினை நிறுத்தும் ஸ்டாப் கேபிள்தான். டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் பம்ப்பின் ரேக் ஃபுல் டீசலில் ஒட்டியிருந்தால் இன்ஜின் கட்டுக்கடங்காமல் எகிறும். ஸ்டாப் லீவர் தடையின்றி ஆடுகிறதா என்று பாருங்கள். அப்படி எகிறினால் இன்ஜினுக்குள் காற்று போகும் வாயை மூட ஒரு பலகையோடு ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும்.