வெயிலுக்குத் தண்ணீர், மழைக்குத் தரை

குதிரைக்குக் குளிர்காலப் பராமரிப்பு என்று இணையத்தில் தேடிப் பாருங்கள். எவ்வளவு கனமான போர்வை வாங்குவது, வாளித் தண்ணீர் உறைந்துபோனால் என்ன செய்வது என்றுதான் பக்கம் பக்கமாக வரும். கோபிச்செட்டிபாளையம் பக்கம் லாயம் வைத்திருக்கிறவனுக்கு இதில் ஒரு வரியும் உதவாது. மார்கழிப் பனியெல்லாம் நம் ஊர்க் குதிரைக்கு ஒரு பொருட்டே இல்லை. பங்குனியில் ஆரம்பித்து வைகாசி முடிய அடிக்கிற வெயிலும், ஐப்பசி கார்த்திகையில் காயவே காயாமல் கிடக்கிற தரையும்தான் இங்கே ஆளைப் படுத்துபவை. எங்கள் தோட்டத்தில் ஒரு கத்தியவார் பெண் குதிரை, ஒரு சிப்பிப்பாறை, ஒரு நாட்டு நாய், அப்புறம் எண்ணிக்கை நிலையில்லாத பூனைகள். எல்லாவற்றுக்கும் நான் வைத்திருக்கிற கணக்கு ஒன்றுதான்: வெயில் ஏறும்போது முதலில் தண்ணீரைப் பார், மழை பிடித்தால் முதலில் தரையைப் பார், தீவனத்தை எப்போது மாற்றினாலும் மெதுவாக மாற்று.

தண்ணீரில் இருந்தே ஆரம்பிக்கிறேன். முன்னூறு, முன்னூற்றைம்பது கிலோ குதிரை சாதாரண நாளில் இருபத்தைந்து லிட்டர் குடிக்கும், அக்னி நட்சத்திரத்தில் கொஞ்சம் ஓட்டினீர்கள் என்றால் ஐம்பதையும் தாண்டும். தொட்டியில் குழாயைத் திறந்துவிட்டுப் போகிறவர்களுக்குக் குதிரை குடித்ததா இல்லையா என்பதே தெரியாது, அதனால் நான் கோடையில் வாளியில்தான் வைப்பேன், இருபது லிட்டர் பெயிண்ட் வாளி, நிழலில். மேல் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். நல்ல குதிரைக்கு ஈறு ஈரமாக, வெளிர் ரோஜா நிறத்தில் இருக்கும். கட்டைவிரலால் அழுத்தி எடுத்தால் அந்த இடம் வெளுத்து, இரண்டு வினாடிக்குள் பழைய நிறம் திரும்ப வேண்டும். ஈறு பிசுபிசுவென்று ஒட்டினாலோ நிறம் திரும்ப நேரமானாலோ உடம்பில் தண்ணீர் குறைந்திருக்கிறது. இதற்கு ஒரு கருவியும் வேண்டாம், தினமும் ஒரு தடவை பார்த்துப் பழகினாலே போதும், மாறும் நாளில் உங்களுக்கே தெரிந்துவிடும்.

உப்பு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. மனிதனின் வியர்வை போல அல்ல குதிரையின் வியர்வை, ரத்தத்தில் இருக்கிற அளவுக்கு, சில சமயம் அதைவிடவும் அதிகமாக, அதில் உப்பு இருக்கும். நமக்கு வியர்த்தால் தண்ணீர் போய் ரத்தத்தில் உப்பு தூக்கலாகி உடனே தாகம் எடுக்கிறது. குதிரைக்குத் தண்ணீரும் உப்பும் சேர்ந்தே போய்விடுவதால் அந்தத் தாகமே சரியாக வராது, உடம்பு வறண்டுகொண்டிருக்கும்போதும் வாளியைப் பார்த்தபடி சும்மா நிற்கும். அதனால் சாதாரண நாளில் முப்பது கிராம் கல்லுப்பைப் பொடித்துத் தீவனத்தில் கலந்துவிடுங்கள், நன்றாக வியர்க்கிற நாளில் அறுபது. பக்கத்தில் தண்ணீர் நிறைய இருக்க வேண்டும், அது முக்கியம்.

ஓடி வந்த குதிரைக்குத் தண்ணீர் காட்டாதே, மேலே பச்சைத் தண்ணீர் ஊற்றினால் சதை பிடித்துக்கொள்ளும் என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்னமும் சொல்வார்கள். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கின்போது அந்த ஊர்ப் புழுக்கத்தில் குதிரைகள் தாங்குமா என்ற பயத்தில் இதை நன்றாகவே ஆராய்ந்து பார்த்துவிட்டார்கள். குளிர்ந்த தண்ணீரை விடாமல் ஊற்றி ஊற்றி மெல்ல நடக்கவிடுவதுதான் சூட்டை வேகமாக இறக்குகிறது, சதை ஒன்றும் பிடிப்பதில்லை. குடிக்கவும் கொடுக்கலாம். ஈரத்துணியை மட்டும் மேலே போர்த்திவிட்டுப் போய்விடாதீர்கள், அது சூட்டை உள்ளேயே அடைத்து வைக்கும். இன்னொன்று, கடற்கரை ஊர்களின் புழுக்கத்தில் சில குதிரைகளுக்கு வியர்ப்பதே நின்றுபோகும். நல்ல வெயிலில் ஓடியும் உடம்பு காய்ந்து, மூச்சு மட்டும் நாய் மாதிரி இரைத்தால், அந்தக் குதிரையைக் கோடை முடியும்வரை வேலைக்கே எடுக்கக் கூடாது.

இனி தீவனம். இதில்தான் ஊர்வழக்கத்தோடு எனக்குச் சண்டை. மாடு வளர்த்த கையோடு குதிரை வாங்குகிறவர்கள் மாட்டுக்குப் போடுவதையே குதிரைக்கும் போடுகிறார்கள்: கோ-4 புல், வைக்கோல், தவிடு. மூன்றும் தனித்தனியாக விஷமில்லை, ஆனால் இந்தச் சேர்க்கையிலேயே ஒரு குதிரை வருடக்கணக்கில் நின்றால் எலும்பு போய்விடும். கோ-4 போன்ற நேப்பியர் வகைப் புல்லில் ஆக்சலேட் அதிகம். அது சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப் போட்டுவிடும். மாட்டின் முன்வயிற்றில் இருக்கிற நுண்ணுயிர்கள் அந்தக் கட்டை அவிழ்த்துவிடுகின்றன. குதிரைக்கு நொதிக்கிற வேலை பின்குடலில்தான் நடக்கிறது, அதற்கு முன்பே சிறுகுடலில் சுண்ணாம்பை உறிஞ்சும் வாய்ப்புப் போய்விடுகிறது. அதன்மேல் கோதுமைத் தவிட்டையும் கொட்டினால், தவிட்டில் பாஸ்பரஸ் தூக்கல், உள்ள சுண்ணாம்பும் போதாமல் ஆகிறது. உடம்பு எலும்பிலிருந்து எடுக்க ஆரம்பிக்கும். முதலில் காரணம் தெரியாமல் ஒரு கால் மாற்றி ஒரு கால் நொண்டும், முற்றினால் மூக்குக்கு இரண்டு பக்கமும் முக எலும்பு புடைக்கும். கொரங்காட்டில், அதாவது வேலி போட்ட மேய்ச்சல் நிலத்தில் வளர்கிற கொழுக்கட்டைப்புல்லுக்கும் இதே குணம் உண்டு. காங்கேயம் மாடு அதைத் தின்றுதான் திமிலோடு நிற்கிறது, ஆனால் குதிரைக்கு அதை மட்டுமே நம்ப முடியாது. தீர்வு ரொம்பச் சுலபம், வாய்க்கால் ஓரத்தில் நாலு பாத்தி குதிரைமசால் என்ற தீவனப் பயிர் போடுங்கள். அதில் சுண்ணாம்பு நிறைய. புல்லோடு தினம் ஒரு கட்டு கலந்து கொடுத்தால் கணக்கு நேராகிவிடும்.

கொள்ளு சூடு, கோடையில் நிறுத்திவிடு என்பார்கள். நான் நிறுத்துவதில்லை, குறைக்கிறேன். வேலை குறைந்தால் தானியமும் குறைய வேண்டும், அவ்வளவுதான் விஷயம். இரவு ஊறவைத்து வேகவைத்து, ஆறியபின் ஒரு வேளைக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் போகாமல் பிரித்துக் கொடுக்கிறேன். குதிரையின் இரைப்பை அதன் உடம்புக்குச் சின்னது, பதினைந்து லிட்டர்கூடப் பிடிக்காது. வாந்தி எடுக்கவும் அதனால் முடியாது. உள்ளே போனது முன்னால்தான் போயாக வேண்டும். அதனால்தான் புதுத் தீவனத்துக்கு மாறும்போது ஒரு வாரம் பத்து நாள் எடுத்துக்கொண்டு, பழையதில் கொஞ்சம் குறைத்துப் புதியதில் கொஞ்சம் கூட்டிப் போக வேண்டும். ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோவில் சந்தையில் குதிரை வாங்குகிறவர்கள் விலை பேசி முடித்த கையோடு, இது இத்தனை நாள் என்ன தின்றது என்று கேட்டு, அதே தீவனத்தில் இரண்டு மூட்டையும் வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். நிறம், சுழி எல்லாம் பார்க்கிற ஆட்கள் இதைக் கேட்பதில்லை. வந்த குதிரையை மற்றவற்றோடு சேர்க்காமல் இரண்டு வாரம் தள்ளிக் கட்டுவதும், டெட்டனஸ் ஊசி போட்டதா என்று விசாரிப்பதும் அதோடு சேர்ந்தது.

மாட்டுத் தீவன மூட்டை, கோழித் தீவன மூட்டை இரண்டையும் குதிரை எட்டாத இடத்தில் வையுங்கள். அவற்றில் சிலவற்றில் மோனென்சின், சாலினோமைசின் போன்ற மருந்துகள் கலந்திருக்கும். மாட்டுக்கும் கோழிக்கும் நல்லது, குதிரைக்குக் குறைந்த அளவே இதயத்தைக் கெடுத்துவிடலாம்.

நாய்களுக்கு வருவோம். சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் எல்லாம் இந்த மண்ணில் ஓடிப் பழகியவை, ஆனால் அவற்றுக்கும் மதியம் நிழல் வேண்டும். ராஜபாளையத்துக்கு வெள்ளை முடிக்கு அடியில் தோல் சிவப்பு, மூக்கும் காதும் வெயிலில் வெந்துபோகும். நடக்கக் கூட்டிப்போகும் முன் புறங்கையைத் தார்ச்சாலையில் வைத்துப் பாருங்கள், ஏழு வினாடி வைக்க முடியவில்லை என்றால் அதன் பாதமும் தாங்காது. பக் மாதிரி சப்பை மூக்கு நாய்களையும் அடுக்குமாடியில் வளர்கிற ஹஸ்கிகளையும் பற்றி என் கருத்தைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள், சொல்லவில்லை. ஹஸ்கிக்கு மொட்டை மட்டும் அடித்துவிடாதீர்கள், அந்த இரட்டை முடி வெயிலையும் தடுக்கிறது.

கோடையில் நாய் குறைவாகத் தின்றால் பதற வேண்டாம், இயல்புதான். காலையில் சூரியன் ஏறும் முன்னும் இருட்டிய பிறகும் வையுங்கள், அரைமணி நேரத்தில் தின்னாததை எடுத்துவிடுங்கள், வெயிலில் சோறு சீக்கிரம் புளித்துவிடும். ராகிக் கூழ், உப்புப் போடாத தயிர்சோறு எல்லாம் நன்றாகவே ஒத்துக்கொள்கின்றன. சின்ன வெங்காயம் வதக்கிய குழம்பு மிச்சம் வேண்டாம், வெங்காயமும் பூண்டும் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். மாம்பழக் கொட்டையை விழுங்கிக் குடலில் அடைத்துக்கொள்ளும் நாய்கள் வைகாசியில் சாதாரணம், தோப்பு வைத்திருப்பவர்கள் கவனியுங்கள். நாக்கு அடர்சிவப்பாகி, எச்சில் ஒழுகி, நடை தள்ளாடினால் அது வெப்பத்தாக்கு. உடனே குழாய்த் தண்ணீரால் முழுக்க நனைத்து, மின்விசிறிக்கு எதிரில் போட்டு, அப்படியே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

பூனைக்குத் தாகம் குறைவு, பாலைவனத்துப் பரம்பரை. தண்ணீரைச் சாப்பாட்டுத் தட்டின் பக்கத்தில் வைக்காமல் இரண்டு மூன்று இடங்களில் மண்சட்டியில் வைத்தால் கொஞ்சம் கூடக் குடிக்கும். ஆண் பூனை மண்ணைப் பறித்துப் பறித்து உட்கார்ந்து ஒரு சொட்டும் வரவில்லை என்றால் அன்றே மருத்துவரைப் பாருங்கள், நாளை என்று தள்ளினால் இருக்காது. நாய்க்கு உண்ணி போக வாங்கிய மருந்தை மிச்சமிருக்கிறதே என்று பூனைமேல் தடவாதீர்கள். அதில் பெர்மெத்ரின் இருந்தால் வலிப்பு வந்து செத்துவிடும். பாராசிட்டமாலும் அப்படித்தான், அரை மாத்திரைகூட வேண்டாம்.

இப்போது மழை. ஐப்பசியில் என் காலை வேலை குளம்பில் ஆரம்பிக்கிறது. காலைத் தூக்கி மடியில் வைத்து, வளைந்த கொக்கியால் குதிகாலில் தொடங்கி நுனியை நோக்கிச் சேற்றைச் சுரண்டி எடுப்பேன். நடுவே வி வடிவில் ரப்பர் மாதிரி மெத்தென்று ஒரு பகுதி இருக்கும், அதன் இரண்டு பக்கப் பள்ளங்களில்தான் சாணியும் ஈரமும் போய் அடையும். அங்கே கறுப்பாகக் குழைந்து, ஒருமுறை முகர்ந்தால் மறக்காத அழுகல் நாற்றம் வந்தால் புண் பிடித்துவிட்டது. சுத்தம் செய்து, காயவைத்து, மருத்துவர் சொன்ன மருந்தைப் பஞ்சில் நனைத்துத் திணிக்கலாம், ஆனால் திரும்பக் கொண்டுபோய் ஈரத் தரையிலேயே நிறுத்தினால் மருந்துக் காசு வீண். லாயத்துத் தரையை ஒரு சாண் உயர்த்தி, சரிவு வைத்து, கிராவல் மண் கொட்டிக் கெட்டிப்படுத்துங்கள், மேலே மரத்தூள் போடுங்கள். சிமெண்ட் தரை பார்க்க நன்றாக இருக்கும், மூத்திரம் தேங்கும், மூட்டும் போகும்.

மழையின் இன்னொரு கெடுதல் பூஞ்சை. பூஞ்சை பிடித்த மக்காச்சோளம் குதிரையின் மூளையையே கரைத்துவிடும், அதற்கு மருந்தே கிடையாது. மாடு தின்றதே, ஒன்றும் ஆகவில்லையே என்று இதில் சமாதானம் சொல்லாதீர்கள். கடலைப்புண்ணாக்கிலும் பூஞ்சை பிடிக்கும், உடைத்துப் பார்த்துப் பச்சையாகவோ சாம்பலாகவோ தெரிந்தால் எருக்குழிக்கு. வறட்சியில் வாடி, மழை பெய்ததும் துளிர்க்கிற இளஞ்சோளத்தில் சயனைடு இருப்பது நம் விவசாயிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஈக்களும் இப்போதுதான் வரும். கடிக்கிற பெரிய ஈ மூலம் பரவும் சர்ரா என்ற நோயில் காய்ச்சல் வந்து வந்து போகும், நன்றாகத் தின்றபடியே குதிரை இளைக்கும், காலும் அடிவயிறும் வீங்கும். ரத்தம் எடுத்துப் பார்த்தால் சொல்லிவிடுவார்கள், காலத்தோடு பார்த்தால் மருந்து உண்டு. வேப்பிலைப் புகை போடுவதை நான் விட்டுவிட்டேன், மூடிய லாயத்தில் அந்தப் புகை ஈயைவிடக் குதிரையின் நுரையீரலைத்தான் அதிகம் படுத்துகிறது. சாணியைத் தினமும் அள்ளித் தள்ளிக் கொட்டுங்கள், ஒரு மின்விசிறி மாட்டுங்கள்.

நாய்களுக்கு மழைக்காலம் என்றால் எலி மூத்திரம் கலந்த தேங்கிய தண்ணீர், அதில் லெப்டோ என்கிற எலிக்காய்ச்சல். வருடாந்தரத் தடுப்பூசியில் அதுவும் இருக்கிறதா என்று கேட்டுப் போடுங்கள். தேரையைக் கவ்விவிட்டு வாயில் நுரை தள்ளினால், முகத்தைக் கீழே சாய்த்துக் குழாய்த் தண்ணீரால் ஈறு முழுக்கக் கழுவுங்கள், தொண்டைக்குள் போகாமல். மழை விட்டதும் உண்ணி பெருகும், காது மடலுக்குள்ளும் விரல் இடுக்கிலும் தேடுங்கள். உண்ணிக் காய்ச்சல் வந்த நாய் முதலில் சோற்றைத்தான் விடும்.

குதிரை காலால் தரையைப் பறித்து, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்து, படுத்து உருண்டால் அது வயிற்றுவலி. தீவனத்தை எடுத்துவிட்டு உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள், ஓமத் தண்ணீர் புகட்டுகிறேன் என்று தலையைத் தூக்கிப் பிடித்து ஊற்றினால் நுரையீரலுக்குள் போகும். யாரும் கிடைக்காவிட்டால் 1962க்கு அழைத்துப் பாருங்கள், நடமாடும் கால்நடை மருத்துவ வண்டிக்கான எண் அது.

தை மாதம் பிறந்தால் நல்ல பருவம்தான், ஒரே தொல்லை மாட்டுப்பொங்கல். வருகிறவர்கள் எல்லாம் ஆளுக்கொரு கை சர்க்கரைப் பொங்கலும் கரும்புத் துண்டும் குதிரைக்கு நீட்டுவார்கள். ஒரு கடி கரும்பு பரவாயில்லை, ஆனால் சோறும் வெல்லமுமாக ஒரே நாளில் வயிறு நிறைந்தால் பின்குடல் புளித்து, இரண்டு நாளில் குளம்புக்குள் வீக்கம் வந்து, முன்கால் ஊன்ற முடியாமல் நிற்கும். பொங்கலில் இருக்கிற திராட்சை நாய்க்கும் ஆகாது, சிறுநீரகம் போகும். அன்றைக்கு நான் லாயத்து வாசலில் ஒரு கூடை குதிரைமசால் வெட்டி வைத்துவிடுவேன், கொடுக்க ஆசைப்படுகிற பிள்ளைகள் அதை அள்ளிக் கொடுக்கட்டும்.