வேளாண் கண்காட்சியில் தோல்பாவைக்கூத்து: முதலில் இருட்டு வேண்டும்

கேரளத்துப் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கம் உழவர் கண்காட்சி நடந்தால் உள்ளூர்க் கலைக்குத் திறப்பு விழா மேடையில் கால் மணி நேரம் ஒதுக்குவார்கள். செண்டை மேளத்துக்கு அது போதும். தோல் பாவைகளின் நிழலைத் திரையில் விழவைத்து ராமாயணம் சொல்லும் தோல்பாவைக்கூத்தை அங்கே ஏற்றாதீர்கள். பட்டப்பகலில் நிழல் ஏது?

10 அடிக்கு 10 அடி ஸ்டால் ஒன்று கேளுங்கள். டிராக்டர் வரிசைக்குப் பக்கத்தில் வேண்டாம், நாற்று விற்கிற பக்கம் நல்லது. சுற்றிலும் மேலேயும் கறுப்புத் துணி. வாசலில் ஒற்றைத் துணி தொங்கவிட்டால் ஆள் நுழையும்போதெல்லாம் வெயிலும் கூடவே நுழையும். இரண்டு துணிகளை முன்னும் பின்னுமாக, நடுவில் ஓர் ஆள் நிற்க இடம் விட்டுத் தொங்கவிடுங்கள். வெயிலிலிருந்து வருகிறவர்களுக்குக் கண் பழகக் கொஞ்ச நேரம் ஆகும். அதுவரை எழுபறை என்னும் கொட்டும் இலத்தாளம் என்னும் கைத்தாளமும் மட்டும் ஒலிக்கட்டும்.

கோயிலில் இந்தக் கூத்துக்கென்றே கட்டிய மேடையான கூத்துமாடம் 42 அடி நீளம். திரைக்குப் பின்னால் 21 தேங்காய் மூடி விளக்குகள் எரியும். துணிப்பந்தலுக்குள் அது வேண்டாத வேலை. அதற்காக டியூப்லைட் மாட்டிவிடுவதுதான் எல்லாரும் செய்கிற தப்பு. ஒளி நீளமாகப் பரவினால் நிழலின் ஓரம் மங்கிவிடும். உளியால் குடைந்த பொட்டுப்பொட்டான ஓட்டைகள் ஒன்றோடொன்று கலந்து ராவணனின் கிரீடம் வெறும் கறுப்புத் திட்டாகிவிடும். சின்ன எல்இடி பல்பு ஒன்று, திரைக்கு மூன்றடி பின்னால் போதும். விளக்கு 21 இருந்தும் கோயிலில் நிழல் தெளிவாக விழுகிறதே என்றால், பாவையைத் துணியோடு ஒட்டிப் பிடிப்பதால்தான். நான்கு விரற்கடை விலக்கினால் நிழல் பலவாகப் பிரியும்.

ஆந்திராவின் தோலு பொம்மலாட்டம் பார்த்தவர்கள் வண்ண நிழலை எதிர்பார்ப்பார்கள். இங்கே கறுப்பு நிழலும் ஓட்டை வழியே வரும் வெளிச்சமும்தான்.

அறிவிப்புப் பலகையைத் தமிழிலும் எழுதுங்கள். பாடுவது கம்பன் பாட்டு என்று அதில் பெரிதாகப் போடுங்கள். பாலக்காட்டுக் காளி கோயில்களில் ராத்திரி முழுக்க ஒலிக்கிற பாட்டு தமிழ்ப் பாட்டு என்பது நம்மாட்களில் பலருக்கே தெரியாது. காட்சிக்குப் பொன்மான் பகுதி பொருந்தும். பாவை குறைவு, ஓட்டம் அதிகம், பத்து நிமிடத்தில் முடியும்.

முடிந்ததும் ஐந்து ஐந்து பேராகத் திரைக்குப் பின்னால் அழைத்துப் போங்கள். கூட்டம் நிற்பதே அங்கேதான். முன்பு மான் தோல், இப்போது ஆட்டுத்தோல் என்று காட்டலாம். குழந்தைகளுக்குக் கெட்டி அட்டையும் மழுங்கிய உளியும் கொடுங்கள். உள் ஓட்டைகளை முதலில் போட்டு, வெளிக்கோட்டைக் கடைசியில் வெட்டச் சொல்லுங்கள். வெளிக்கோட்டை முதலில் வெட்டினால் பிடிக்க இடமில்லாமல் அட்டை நழுவி, மானுக்குக் கால் போய்விடும்.

தகரக் கூரைச் சூட்டில் தோல் சுருளும். ஆட்டம் இல்லாத நேரத்தில் செய்தித்தாளுக்கு நடுவே பரப்பி மேலே பலகை வையுங்கள். பாலித்தீன் பையில் போட்டால் வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும்.

வெளியே போகிறவர் கையில் ஒரு துண்டுச் சீட்டு கொடுங்கள்: எந்தக் கோயில், எந்தத் தேதி, எத்தனை மணி. கூத்து தொடங்குகிற நேரத்தில் கடைசி பஸ் போயிருக்கும். வண்டியில் வரச் சொல்லி அதிலேயே எழுதிவிடுங்கள்.