யோகா ஆசிரியர் கோர்ஸ் முடித்தவர்களுக்கு: யாருடைய குரலில் சொல்லித் தருகிறீர்கள்?

யோகா ஆசிரியராவதற்கான 200 மணி நேரக் கோர்ஸை முடித்து முதல் வகுப்பு எடுக்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "நான் எந்த ஸ்டைல் எடுக்கட்டும்க்கா, வின்யாசாவா, ஹட யோகாவா, யின்னா?" (மூச்சோடு சேர்ந்து ஆசனங்கள் தொடராக ஓடுவது வின்யாசா, ஒவ்வோர் ஆசனத்திலும் நிதானமாக நிற்பது ஹட யோகா, ஒரே நிலையில் சில நிமிடம் தளர்ந்திருப்பது யின்.) நானும் இதே கேள்வியோடு ஒரு வருடம் சுற்றியிருக்கிறேன். அதனால் என் அனுபவத்தை எழுதுகிறேன், யாருக்காவது அந்த ஒரு வருடம் மிச்சமாகட்டும்.

வாரநாள் முழுக்க அலுவலக வேலை, சனி ஞாயிறு கோர்ஸ், இப்படியே ஏழு மாதம் போனது. கடைசியில் செய்முறைத் தேர்வு. 60 நிமிட வகுப்பு ஒன்றை நாமே திட்டமிட்டு உடன் படித்தவர்களுக்கு நடத்த வேண்டும், ஆசிரியர்கள் இருவர் ஓரமாக உட்கார்ந்து குறிப்பெடுப்பார்கள். எங்கள் தலைமை ஆசிரியர் வகுப்பெடுக்கும் விதம் எனக்கு உயிர். அவர் எங்கே நிறுத்துவார், எங்கே குரலைத் தாழ்த்துவார், சவாசனத்துக்கு முன் என்ன சொல்வார், எல்லாவற்றையும் மனப்பாடம் செய்து, வீட்டு ஹாலில் சோபாவை நகர்த்திவிட்டு ராத்திரி பதினோரு மணிக்கு வெறும் சுவருக்கு வகுப்பெடுத்துப் பார்த்தேன். தேர்வில் ஒரு வார்த்தை பிசகவில்லை. பாஸும் ஆகிவிட்டேன். ஆனால் குறிப்புத் தாளில் ஒரு வரி இருந்தது: "வரிசை சரி, பாதுகாப்புக் குறிப்புகள் சரி. பின்வரிசையில் ஒருவர் மூச்சைப் பிடித்துக்கொண்டே இருந்தார், நீங்கள் பார்க்கவில்லை." அந்த வரியின் கனம் அன்று எனக்கு உறைக்கவில்லை, பாஸான சந்தோஷம் அப்படி.

உறைத்தது சிங்கப்பூர் ஈசூனில், ஓர் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில். சனிக்கிழமை காலை ஏழரை மணிக்கு அங்கே மூத்தவர்களுக்கு வகுப்பு. பதினாலு பேர், பாதிக்கு மேல் சீன ஆண்ட்டிகள், நாலைந்து தமிழ் அம்மாக்கள், மலாய்த் தம்பதி ஒன்று. நான் முன்னால் என் யோகா மேட்டில் (விரிப்பில்) நின்று, கோர்ஸில் படித்தபடி வீரபத்ராசனம் இரண்டாம் நிலையை, அதாவது கால்களை அகட்டி முன் முழங்காலை மடக்கிக் கைகளை இருபுறமும் நீட்டி நிற்பதை, அழகாகச் செய்து காட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாவது வாரம் வகுப்பு முடிந்ததும் ஓர் அம்மா வந்து கையைப் பிடித்துக்கொண்டு, "ஏம்மா, நீ நல்லாத்தான் செய்யற, உன்னைப் பாத்துக்கிட்டே இருக்கேன், ஆனா என் கால் எங்க இருக்குன்னு எனக்கே தெரியல" என்றார்.

அடுத்த வாரம் நான் மேட்டில் ஏறவே இல்லை. நடந்தேன். அப்போதுதான் அந்த அம்மாவின் பின்கால் கண்ணில் பட்டது. பாதத்தின் வெளி விளிம்பு தரையை விட்டு எழும்பியிருக்கிறது, விரல்கள் ஐந்தும் மேட்டைக் கவ்விப் பிடித்து நுனி வெளுத்திருக்கின்றன, முன் முழங்கால் உள்பக்கமாகச் சாய்கிறது, முகத்தில் மட்டும் சிரிப்பு. மூன்று வாரமாக அவர் விழாமல் நிற்பதற்கே பாடுபட்டிருக்கிறார், நான் "மார்பை விரியுங்கள்" என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை அவர் பக்கத்தில் போட்டு, கால் இடைவெளியை ஒரு சாண் குறைத்து, "பின்னங்கால் சுண்டுவிரல் பக்கம் தரையை அழுத்துங்கம்மா" என்று மட்டும் சொன்னேன். விரல்கள் தளர்ந்தன. மூச்சு கீழே இறங்குவது தோளிலேயே தெரிந்தது.

என் பாணி அங்கேதான் தொடங்கியது. வின்யாசாவா ஹடாவா என்பதெல்லாம் அப்புறம். நீங்கள் வகுப்பில் எதைப் பார்க்கிறீர்களோ அதிலிருந்துதான் உங்கள் பாணி வரும்.

இது நானாகக் கண்டுபிடித்த தத்துவம் இல்லை, யோகாவின் வரலாற்றிலேயே இருக்கிறது. கோர்ஸில் எல்லோரும் கிருஷ்ணமாச்சாரியாரைப் பற்றிப் படித்திருப்பீர்கள், இன்றைய யோகாவின் முன்னோடி குரு, 1888 முதல் 1989 வரை வாழ்ந்தவர். 1930களில் மைசூர் அரண்மனை யோகசாலையில் துள்ளுகிற வயதுப் பையன்களுக்கு அவர் கற்பித்தது வேகமான, வியர்க்க வைக்கிற தொடர். அவர் மாணவர் பட்டாபி ஜோயிஸ் அந்த வழியைப் பிடித்துக்கொண்டு அஷ்டாங்க வின்யாசாவை வளர்த்தார். அதே மைசூருக்குக் காசநோயெல்லாம் கண்டு நலிந்த உடம்போடு வந்து அவரிடமே கற்ற பி.கே.எஸ். ஐயங்கார், பிற்பாடு கட்டை, பெல்ட், நாற்காலி, கயிறு என்று வைத்து ஒவ்வோர் ஆசனத்தையும் நுணுக்கமாக நிறுத்திக் கற்பிக்கும் வழிக்குப் போனார். கிருஷ்ணமாச்சாரியாரே சென்னைக்கு வந்தபின் ஒவ்வொருவராக உட்காரவைத்து, அவரவர் வயதுக்கும் நோய்க்கும் தக்கபடி சொல்லித் தந்தார். அந்த வழியை அவர் மகன் தேசிகாச்சார் தொடர்ந்தார். ஒரே குரு, எதிரே இருந்த உடம்பு மாற மாறக் கற்பிக்கிற விதமும் மாறியிருக்கிறது. அப்படியிருக்க, இருபத்தைந்து வயது மாணவர்களுக்கு எங்கள் ஆசிரியர் எடுத்த வகுப்பை எழுபது வயது அம்மாவுக்கு அப்படியே எடுத்தது என் தவறுதான்.

சரி, நடைமுறைக்கு வருகிறேன். முதலில் செய்து காட்டுவதைக் குறையுங்கள். ஒருமுறை காட்டிவிட்டு மேட்டை விட்டு இறங்குங்கள். இறங்கினால் வாயால்தான் சொல்லியாக வேண்டும், வார்த்தை தானாகத் தீட்டப்படும். சிங்கப்பூரில் ஒரே வகுப்பில் நாலு மொழிக்காரர்கள் நிற்பார்கள், நீண்ட வாக்கியம் யாருக்கும் போய்ச் சேராது. உடல் உறுப்பு, திசை, மூச்சு, இவ்வளவு போதும். மாண்டரினில் மூச்சை இழு, விடு, இடது, வலது என்று நாலு சொல் கற்றுக்கொண்டேன், ஆண்ட்டிகளின் முகமே மாறிவிட்டது. எதிரே நின்று காட்டும்போது நீங்கள் வலக்கையைத் தூக்கி "இடது" என்று சொல்லப் பழக வேண்டும். தேர்வில் மிகப் பலர் தடுமாறுவது இந்த இடத்தில்தான், கண்ணாடி முன் தினம் பத்து நிமிடம் பழகினால் ஒரு மாதத்தில் வந்துவிடும்.

வகுப்புக்கு முன் ஒவ்வொருவரிடமும் உடம்பு எப்படி என்று கேளுங்கள். உயர் ரத்த அழுத்தம், கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்குத் தலை கீழாக இருக்கும் ஆசனங்கள் வேண்டாம், எலும்பு வலுவிழந்தவர்களை (ஆஸ்டியோபோரோசிஸ்) முதுகு வளைந்து ஆழமாகக் குனிய வைக்காதீர்கள். தொட்டுத் திருத்துவதாக இருந்தால் கேட்டுவிட்டுத் தொடுங்கள், ஒவ்வொரு முறையும்.

உங்கள் வகுப்பைக் கைபேசியில் ஒலிப்பதிவு செய்து கேட்பதும் உதவும். என் முதல் பதிவில் எங்கள் ஆசிரியரின் உச்சரிப்பு, அவர் இழுக்கும் இழுப்பு உட்பட அப்படியே இருந்தது. கேட்கக் கஷ்டமாகத்தான் இருக்கும், கேளுங்கள்.

பிறகு நகர மையத்து ராஃபிள்ஸ் பிளேஸில் ஓர் அலுவலகத்தில் மதிய வகுப்பு கிடைத்தது. 45 நிமிடம், முடிந்ததும் எல்லோரும் மீட்டிங்குக்கு ஓடுவார்கள். ஈசூன் வேகத்தில் அங்கே தொடங்கினேன், எடுபடவில்லை, இரண்டு பேர் வாட்ஸ்அப் பார்த்தார்கள். அங்கே முதல் பத்து நிமிடம் சூரிய நமஸ்காரத்தை விடாமல் ஓட்டி மனதை உள்ளே இழுத்தால்தான் பிறகு மெதுவாக்க முடிகிறது. ஆசனம் வேறு, வேகம் வேறு. ஆனால் இரண்டு இடத்திலும் நான் நடந்துகொண்டேதான் இருக்கிறேன், பாதத்தையும் மூச்சையும்தான் முதலில் பார்க்கிறேன்.

இப்போதெல்லாம் வகுப்பு முடிந்து எம்ஆர்டி ரயிலில் உட்கார்ந்ததும் ஒரே ஒருவரைப் பற்றி இரண்டு வரி எழுதிவைக்கிறேன். போன சனிக்கிழமை எழுதியது: "மூன்றாவது வரிசை மலாய் அங்கிள், மார்ஜாரி ஆசனத்தில் (பூனை போல் கையும் முழங்காலும் ஊன்றி நிற்பது) வலது முழங்கால் வலி, சொல்லாமல் தாங்கிக்கொள்கிறார். அடுத்த வாரம் மடித்த துண்டு கொண்டுபோக வேண்டும்."