பத்து மில்லி மண்ணெண்ணெய்

பள்ளிக்கூடத்தில் இரசாயனவியல் படிப்பித்த சேர் காலமான செய்தி வந்த அன்று எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் "ஆத்மா சாந்தியடையட்டும்" வரிசையாக விழுந்துகொண்டிருந்தது. ஏழெட்டுப் பேர் போட்ட பிறகுதான் ஒருவன் கேட்டான்: "டேய், சேருக்கு ஆத்மாவிலை நம்பிக்கை இல்லையே, இதை ஏன் போடுறியள்?" அதற்குப் பிறகு அரை மணித்தியாலம் ஒருவரும் மூச்சு விடவில்லை. உடலை யாழ்ப்பாண மருத்துவ பீடத்துக்குக் கொடுக்கச் சொல்லி எழுதி வைத்திருந்தாராம். எட்டுச் செலவு, அந்தியேட்டி என்று செத்தவீட்டுக் கிரியை ஒன்றும் இல்லை. ஊர்வாய்க்குப் பதில் சொல்வதுதான் வீட்டாருக்குப் பெரும்பாடாகிவிட்டது.

பள்ளிக்கூட மலருக்கு எழுதச் சொல்லிக் கேட்ட மலர்க் குழுத் தம்பி, "அண்ணை, சரஸ்வதி பூசை, கிரிக்கெட் மட்ச் மாதிரி ஏதாவது எழுதுங்கோ" என்றார். சரி, சரஸ்வதி பூசையிலிருந்தே தொடங்குகிறேன். சேர் கும்பிட மாட்டார். ஆனால் கடலை அவித்த கிடாரத்தைச் சாம்பல் போட்டு மினுக்கி வைப்பவர் அவர்தான். அவலையும் முதல் ஆளாகக் கை நீட்டி வாங்குவார். கடவுள் இல்லை என்று வகுப்பில் ஒரு நாளும் சொன்னதில்லை. நாங்களாகக் கிளறினால் ஆபிரகாம் கோவூரின் கதை வரும். கேரளத்தில் ஒரு மதகுருவின் மகனாகப் பிறந்து, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்குத் தாவரவியல் படிப்பிக்க வந்தவர் கோவூர். அற்புதம் செய்து காட்டுபவருக்கு ஒரு இலட்சம் ரூபா என்று சவால் விட்டவர். 1978 இல் அவர் இறக்கும்வரை அந்தக் காசை வெல்ல ஆளில்லை. சேருக்குச் சவாலைவிடப் பிடித்தது கோவூரின் கடைசி உயில். கண்கள் கண் வங்கிக்கு, உடல் மருத்துவ மாணவருக்கு, எலும்புக்கூடு தான் படிப்பித்த கொழும்பு தேர்ஸ்டன் கல்லூரி ஆய்வுகூடத்துக்கு. "செத்தும் படிப்பிக்கிற மனிசன்" என்று சேர் சிரிப்பார்.

1992, யாழ்ப்பாணம், போர்க்காலம். கரண்ட் போய் இரண்டு வருடம். மண்ணெண்ணெய், சவர்க்காரம், பற்றரி எல்லாவற்றுக்கும் அரசின் தடை. ஜாம் போத்தலின் அடியில் பஞ்சு, அதில் கொஞ்சம் எண்ணெய், கம்பியில் தொங்கும் திரி. அந்த வெளிச்சத்தில்தான் பல்கலைக்கழகம் போவதற்கான ஏ.எல். சோதனைக்குப் படித்தோம். ஒரு பெற்றார் கிழமைக்கு ஒரு போத்தல் மண்ணெண்ணெய் எங்கள் இரசாயனவியல் வகுப்புக்கென்று தந்துவந்தார். 750 மில்லிலீற்றர். நாங்கள் 15 பேர். ஆளுக்கு 50. சேர் ஆய்வுகூட அளவுச்சாடியை எடுத்து மேசையில் வைப்பார். குனிந்து, கண்மட்டத்தில், பிறையுருவின், அதாவது எண்ணெயின் வளைந்த மேற்பரப்பின், அடியைப் பார்த்துத்தான் வாசிக்க வேண்டும். சோதனைக்குக்கூட நாங்கள் அவ்வளவு கவனமாக வாசித்ததில்லை.

ஒருநாள் ஊற்றுகிற வேலையை என்னிடம் தந்தார். மூன்றாவதாக என் போத்தல். கை தானாகவே 60 வரை போனது. கடைசி வாங்கில் இருந்தவனின் முறை வந்தபோது சாடி 40 இல் நின்றது. "பரவாயில்லையடா, தெறிச்சிருக்கும்" என்றான் அவன். பத்து மில்லி என்றால் அப்போது ஓர் இரவுப் படிப்பு. சேர் வெறும் போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த கிழமை புதுச் சட்டம் வந்தது: "ஊத்திறவன் கடைசியாத்தான் எடுக்கோணும்." அதற்குப் பிறகு எவன் ஊற்றினாலும் ஒரு துளி கூடிக் குறைந்ததில்லை.

எனக்கு அப்போது பக்தி முற்றிய வயது. வெள்ளிக்கிழமை பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் அடித்தேன். மனப்பாரம் இறங்கிவிட்டது. அன்றிரவு நிம்மதியாகப் படித்தேன், அந்த 60 மில்லியில்.

நம்பிக்கை போனது பிறகு. 1995 யூலை 9, யாழ்ப்பாணத்து நவாலி. தேவாலயம் என்றால் குண்டு விழாது என்று நம்பி ஒதுங்கிய சனம். நூற்றுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அதிலிருந்து என்னால் கும்பிட முடியவில்லை. வாதம் ஒன்றுமில்லை, கை கூப்பினால் வாயில் சொல் வரவில்லை, அவ்வளவுதான். அம்மா ரொறன்ரோவில் காலமானபோது கிரியை எல்லாம் செய்தேன். அம்மா கேட்டிருந்தார், செய்தேன். இதை முரண்பாடு என்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை.

2010 இல் ஊருக்குப் போனபோது சேரைப் பார்க்கப் போனேன். சாய்மனைக் கதிரை, வெறும் மேல், கையில் ஒரு பழைய பத்திரிகை. தேத்தண்ணி குடித்து முடித்து, ஊர்க்கதை எல்லாம் தீர்ந்த பிறகு மெல்லச் சொன்னேன். "சேர், அந்த மண்ணெண்ணெய்… நான்தான்."

"எனக்கு அண்டைக்கே தெரியும். எழுநூற்றைம்பதைப் பதினைஞ்சாலை பிரிக்க எனக்குத் தெரியாதோ?"

மன்னித்துவிட்டேன் என்று சொல்வார் எனக் காத்திருந்தேன், அதற்காகத்தானே போனது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "அவனட்டைச் சொல்லிப்போட்டியோ?" என்று கேட்டார்.

சொல்லவில்லை. வந்த பிறகும் சொல்லவில்லை. கலியாண வீடுகளில் இரண்டு தரம் கண்டேன், தோளில் கை போட்டுப் படம்கூட எடுத்தோம், வாய் வரவில்லை. இதையும் எழுதாமல் விட நினைத்தேன். மலர் லண்டனுக்கும் 100 பிரதி போகுதாம் என்று தம்பி சொன்னார்.

மச்சான், உன்ரை போத்தலிலை குறைஞ்ச பத்து மில்லி தெறிக்கேல்லை. நான் எடுத்தது. வாசிச்சவுடனை எடு. நம்பர் பழசுதான்.