சைக்கிளுக்குப் பவர் கூலிங் கிளாஸ்: நிறம் கடைசியில் பார்க்கலாம்

ஆப்டிகல் கடையில் பவர் கூலிங் கிளாஸ் என்று கேட்டதும் கறுப்பா, பிரவுனா என்று நிறத் தட்டை நீட்டுவார்கள். அதை ஓரமாக வைக்கச் சொல்லுங்கள். முதலில் பார்க்க வேண்டியது உங்கள் பவர் சீட்டு, அடுத்தது ஃபிரேமின் வளைவு.

அன்றாடம் போடும் கண்ணாடியின் லென்ஸ் பெரும்பாலும் 4 பேஸ் வளைவுக்குப் பக்கத்தில் இருக்கும் (பேஸ் எண் கூடக்கூட வளைவு கூடும்). முகத்தைச் சுற்றி வரும் சைக்கிள் கண்ணாடி 8 பேஸ். காற்று, தூசி, விடியற்காலைப் பூச்சி எல்லாவற்றையும் தடுப்பது அந்த வளைவுதான். பவர் ஏற்றும்போது தொல்லை தருவதும் அதுதான். லென்ஸ் கண்ணுக்கு நேராக நிற்காமல் சாய்ந்து நிற்பதால் சீட்டில் எழுதிய பவர் அப்படியே கண்ணுக்கு வந்து சேராது. உங்களுக்கு இல்லாத சிலிண்டர், அதாவது ஒரு திசையில் மட்டும் வேலை செய்யும் பவர், கொஞ்சம் புதிதாக முளைக்கும். சாலை ஓரம் நெளியும், பள்ளத்தின் ஆழம் தப்பாகத் தெரியும், கொஞ்ச நேரத்தில் தலை வலிக்கும். "போடப் போடப் பழகிடும் சார்" என்பதை இந்த விஷயத்தில் நம்ப வேண்டாம். ஃபிரேமின் சாய்வைக் கணக்கிட்டுப் பவரைத் திருத்தி அரைக்கும் ஃப்ரீஃபார்ம் லென்ஸ் கேளுங்கள். அதோடு வரும் அட்டையில் பவர் உங்கள் சீட்டிலிருந்து சற்று மாறியிருந்தால் பதற வேண்டாம், திருத்தம் என்பதே அதுதான்.

பவர் 3க்குள், சிலிண்டர் 2க்குள் என்றால் வளைந்த ஃபிரேமில் நேரடியாகவே போடலாம். 4ஐத் தாண்டினால் மைனஸ் லென்ஸின் ஓரம் தடித்துக் கன்னத்தில் இடிக்கும். அப்போது 6 பேஸ் ஃபிரேம், இல்லையென்றால் கூலிங் கிளாஸுக்கு உள்ளே தனியாக மாட்டும் பவர் லென்ஸான கிளிப்-இன். கிளிப்-இன் செலவு குறைவு, வெளி லென்ஸையும் வேண்டியபோது மாற்றிக்கொள்ளலாம். ஆனால் சிக்னலில் நின்றால் இரண்டு லென்ஸுக்கு நடுவில் ஆவி படியும், இமைமயிர் உரசும். வழக்கமான கண்ணாடியைவிடக் கண்ணுக்கு நெருக்கமாக உட்காருவதால் பவரும் மாறும்: 5 மி.மீ. நெருங்கினால் மைனஸ் 6 உள்ளவருக்கு ஏறத்தாழ மைனஸ் 5.75 போதும். இதைக் கடையில் நீங்களாகச் சொன்னால்தான் உண்டு.

அடுத்து அளவெடுப்பது. நாற்காலியில் நிமிர்ந்து உட்காரவைத்து அளவெடுப்பார்கள். ஹேண்டில்பாரின் கீழ்வளைவைப் பிடித்து ஓட்டுகிறவர் தலையைக் குனிந்து, லென்ஸின் மேல்பகுதி வழியாகத்தான் சாலையைப் பார்ப்பார். ஹெல்மெட்டை எடுத்துப்போய், அதைப் போட்டுக்கொண்டு முன்னால் சாய்ந்து வாசலுக்கு வெளியே தூரத்தில் பாருங்கள். மேல்விளிம்பு பார்வையில் விழுந்தால் அந்த ஃபிரேம் வேண்டாம். ஹெல்மெட் வார் காதோடு ஒட்டியிருக்க, கண்ணாடியின் காதுக்கம்பி அந்த வாருக்கு வெளியே வர வேண்டும்.

நாற்பதைத் தாண்டியவர்கள், தூரத்துப் பவரும் வாசிக்கும் பவரும் கோடில்லாமல் சேர்ந்த ப்ரோக்ரெசிவ் லென்ஸை வளைந்த ஃபிரேமில் போடுவதற்கு முன் யோசிக்கவும். அடியில் சின்னதாக ஒரு பைஃபோக்கல் துண்டு போதும். வேகம், தூரம் காட்டும் சைக்கிள் மீட்டர் புத்தகத்தைவிடத் தள்ளி, சுமார் 60 செ.மீ. தூரத்தில் இருப்பதால் வாசிக்கும் பவர் முழுதாக வேண்டாம்.

லென்ஸ் பாலிகார்பனேட் அல்லது ட்ரைவெக்ஸ். கல் தெறித்தாலும் கீழே விழுந்தாலும் இவை இரண்டும் நன்றாகத் தாங்கும். ட்ரைவெக்ஸில் ஓரத்தில் வண்ணக்கோடு குறைவு, விலை அதிகம். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் யூவி 400 கட்டாயம். கறுப்பாக இருப்பதாலேயே யூவி நிற்காது.

இனி நிறம். உச்சி வெயிலுக்கு 3ஆம் வகை, அதாவது 8 முதல் 18 சதவீத ஒளி விடுவது. ஆனால் சென்னையில் 5 மணிக்கு இருட்டில் கிளம்பி ஈ.சி.ஆரில் மாமல்லபுரம் போகிறவருக்கு அது ஆபத்து. நிறமே இல்லாத நிலையிலிருந்து வெயில் பட்டால் தானாகக் கறுக்கும் போட்டோக்ரோமிக்தான் சரி. போகும்போது இடப்பக்கம் கடலிலிருந்து வெயில் சாய்வாக அடிக்கும், அதனால் பக்கவாட்டில் இடைவெளி இருக்கக் கூடாது. ஒரு குறை: சூட்டில் போட்டோக்ரோமிக் முழுதாகக் கறுக்காது. குளிர் ஊரில் கறுக்கும் அளவை நம் சித்திரை வெயிலில் எதிர்பார்க்க வேண்டாம். கண்கூசும் பிரதிபலிப்பை வடிகட்டும் போலரைஸ்டு லென்ஸில் சில சைக்கிள் மீட்டர்களின் திரை ஒரு கோணத்தில் இருண்டுபோகும். ஈரச் சாலையின் பளபளப்பையும் அது மறைத்துவிடும், வழுக்கும் இடத்தைக் காட்டிக்கொடுப்பதே அந்தப் பளபளப்புதான்.

வியர்வை உப்பு காய்ந்த லென்ஸை ஜெர்சியில் துடைத்தால் கோடு விழும். தண்ணீரில் அலசிய பிறகு துடையுங்கள். வெயிலில் நிற்கும் காரின் டாஷ்போர்டில் வைத்தால் கோட்டிங் வெடித்துவிடும்.