டெக்சஸில் மான் வேட்டை: தேதிக்கு முன்னால் கவுண்டியைப் பாருங்கள்

"மான் சீசன் எப்போ ஆரம்பம்?" என்று யாராவது கேட்டால், நவம்பர் முதல் சனிக்கிழமை என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். அந்த வரியை மட்டும் நம்பித் துப்பாக்கியைத் தூக்கினால் வம்புதான். டெக்சஸில் 254 கவுண்டிகள், அதாவது நம்மூர் மாவட்டம் மாதிரியான பிரிவுகள். சீசன் முடியும் நாள், எத்தனை மான், எந்த மான், எந்த ஆயுதம் என்று எல்லாமே நீங்கள் நிற்கும் கவுண்டியைப் பொறுத்தது.

முதலில் லைசென்ஸ். செப்டம்பர் 1 முதல் ஆகஸ்ட் 31 வரைதான் அதற்கு உயிர். நடுவில் எப்போது வாங்கினாலும் ஆகஸ்டோடு காலாவதி. மாநிலத்தில் தொடர்ந்து ஆறு மாதம் வசித்தவருக்கு 25 டாலர், வெளி மாநிலத்தவருக்கு 315 டாலர். 1971 செப்டம்பர் 2 அல்லது அதற்குப் பிறகு பிறந்தவர்கள் வேட்டைப் பயிற்சிச் சான்றிதழும் வைத்திருக்க வேண்டும். 17 வயது நிரம்பியவர்கள் அதை ஆன்லைனிலேயே முடித்துவிடலாம்.

எச்1பி போன்ற விசாவில் இருப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று படிக்கவும். குடியேற்றம் சாராத விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதையே அமெரிக்க மத்திய சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. அதற்கான விதிவிலக்குகளில் ஒன்று, அமெரிக்காவில் முறையாக வழங்கப்பட்ட, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ். கடையில் துப்பாக்கி வாங்குவதற்கான மத்திய அரசின் 4473 படிவத்தை நிரப்பும்போது அதைக் காட்டச் சொல்வார்கள். துப்பாக்கி வாங்கியதோடு கதை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். ஆகஸ்ட் 31 தாண்டியும் லைசென்ஸைப் புதுப்பிக்காவிட்டால், அலமாரியில் சும்மா கிடக்கும் ரைஃபிளே உங்களுக்குக் குற்றமாகிவிடும். புது லைசென்ஸ் ஆகஸ்ட் நடுவிலேயே விற்பனைக்கு வந்துவிடும். வேட்டைக்குப் போகாத வருஷத்திலும் வாங்கி வையுங்கள். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

இப்போது தேதிகள். வெண்வால் மானுக்கு வடக்கு, தெற்கு என இரண்டு மண்டலம். பொது சீசன் இரண்டிலும் நவம்பர் முதல் சனிக்கிழமை தொடங்கும். வடக்கில் ஜனவரி முதல் ஞாயிறோடு முடிகிறது, தெற்கில் மூன்றாம் ஞாயிறு வரை நீள்கிறது. 2025-26இல் அது ஜனவரி 4, ஜனவரி 18. வில் அம்புக்கான தனி சீசன் செப்டம்பர் கடைசியிலேயே திறந்து ஐந்து வாரம் ஓடும். அதற்கு லைசென்ஸோடு தனியாக ஒரு எண்டார்ஸ்மென்ட், அதாவது கூடுதல் அனுமதி, வாங்க வேண்டும். சிறுவர்களுக்கான நாட்களும் முன்னும் பின்னும் உண்டு. எந்த சீசனானாலும் சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பிருந்து அஸ்தமனத்துக்கு அரை மணி பின்பு வரைதான் சுடலாம். நேரத்தை உங்கள் கவுண்டிக்குப் பாருங்கள். ஹூஸ்டனில் சூரியன் மறைந்த பிறகும் மேற்கு டெக்சஸில் வெளிச்சம் பாக்கி இருக்கும்.

டாலஸுக்கு வடக்கே குடியிருக்கும் நம் ஆட்கள் பலர் வசிப்பது காலின் கவுண்டியில். அங்கேயும் பக்கத்து டாலஸ், கிரேசன், ராக்வால் கவுண்டிகளிலும் மானுக்கு வில்லும் குறுக்குவில்லும் மட்டுமே, பொது சீசனிலும் அப்படித்தான். ரைஃபிள் அனுமதி உள்ள இடங்களிலும் .22 ரிம்ஃபயர் (அடிப்பக்க விளிம்பில் தட்டி வெடிக்கும்) தோட்டாவால் மானைச் சுடக் கூடாது, அடிப்பக்க நடுவில் தட்டி வெடிக்கும் சென்டர்ஃபயர்தான்.

மாநிலம் முழுக்க ஒருவருக்கு வருஷத்துக்கு ஐந்து வெண்வால் மான், அதில் ஆண் மூன்றுக்கு மேல் கூடாது. ஆனால் இது மேல் வரம்புதான். பல கவுண்டிகளில் இதைவிடக் குறைவு. சில கவுண்டிகளில் கொம்பில்லாத மானைத் துப்பாக்கியால் எடுக்கச் சில நாட்கள் மட்டுமே விடுவார்கள். நன்றி செலுத்தும் நாள் வியாழன் முதல் ஞாயிறு வரை நான்கே நாள் உள்ள இடங்களும் உண்டு.

அதிகம் பேர் மாட்டுவது கொம்பு விதியில்தான். 2002இல் ஆறு கவுண்டிகளில் சோதனையாகத் தொடங்கியது, இன்று நூற்றுக்கும் மேற்பட்ட கவுண்டிகளில் இருக்கிறது. இந்த இடங்களில் ஆண் மான் சட்டப்படி எடுக்கத் தக்கதாக இருக்க, ஒன்று, குறைந்தது ஒரு கொம்பாவது கிளை இல்லாமல் இருக்க வேண்டும். அல்லது இரண்டு கொம்புகளுக்கும் நடுவே உள் அகலம் 13 அங்குலமாவது இருக்க வேண்டும். இரண்டு ஆண் எடுக்கலாம், ஆனால் 13 அங்குலத்தை எட்டியது ஒன்றே ஒன்று. இளம் ஆண் மான்களை வளரவிடத்தான் இந்த ஏற்பாடு. முன்பு ஒன்றரை வயதிலேயே பெரும்பாலானவை சுடப்பட்டுவிடும், முதிர்ந்த ஆணைக் காண்பதே அரிது.

நூறு கஜத்துக்கு அப்பால் 13 அங்குலத்தை எப்படி அளப்பது? காதுதான் அளவுகோல். மான் உஷாராகி இரண்டு காதையும் விடைத்து நிற்கும்போது காது நுனிக்கும் நுனிக்கும் நடுவே ஏறத்தாழ 13 அங்குலம். நேர் எதிரே பார்க்கையில் கொம்புத் தண்டின் உள் ஓரம் காது நுனியைத் தாண்டி வெளியே தெரிந்தால் பாதகமில்லை. மேயும்போது காது தளர்ந்து தொங்கும், பக்கவாட்டில் நின்றால் அகலமே புரியாது. தவறான கணக்கெல்லாம் இந்த இரண்டு நிலையில்தான் வருகிறது. தலையைத் திருப்பும்வரை விரல் டிரிக்கருக்குப் போக வேண்டாம். திரும்பவே இல்லையா, போகட்டும்.

மான் விழுந்ததும் முதல் வேலை டேக், அதாவது மானில் கட்டும் அடையாளச் சீட்டு. இழுப்பதற்கு முன்பே, படம் எடுப்பதற்கு முன்பே. லைசென்ஸோடு வரும் டேக்கில் பண்ணையின் பெயர், கவுண்டி ஆகியவற்றை மையால் எழுதி, மாதத்தையும் தேதியையும் கத்தியால் வெட்டி எடுக்க வேண்டும். பேனாவால் வட்டம் போட்டால் செல்லாது. பேனாவை வண்டியில் விட்டுவிட்டு, "கேம்ப்புக்குப் போய் எழுதிக்கலாம்" என்று மானை ஏற்றுபவர்கள் வழியிலேயே வேட்டை விதிகளைக் கண்காணிக்கும் வார்டனிடம் சிக்குகிறார்கள். பேனா, சின்னக் கத்தி, ஜிப் டை, ஒரு பிளாஸ்டிக் உறை எல்லாம் சட்டைப் பையிலேயே இருக்கட்டும். லைசென்ஸின் பின்பக்கம் உள்ள பதிவேட்டையும் நிரப்புங்கள். டிஜிட்டல் டேக் எடுத்தவர்கள் செயலியில் அங்கேயே பதிய வேண்டும். கறியாக வெட்டி முடிக்கும்வரை தலையைத் தோலுரிக்காமல் கூடவே வைத்திருங்கள். ஆணா பெண்ணா என்பதற்கு அது சாட்சி.

நிலம் பற்றி ஒரு வார்த்தை. டெக்சஸ் நிலத்தில் 90 சதவீதத்துக்கு மேல் தனியாருடையது. உரிமையாளர் சம்மதம் இல்லாமல் காலடி வைக்கக் கூடாது. வேலிக் கம்பத்திலோ மரத்திலோ ஊதா வண்ணக் கோடு தெரிந்தால், எழுத்துப் பலகை இல்லாவிட்டாலும் "உள்ளே வராதே" என்றே பொருள். பொது வேட்டை நிலங்களில் ஆரஞ்சு மேலாடை 400 சதுர அங்குலம் தெரிய வேண்டும், தொப்பியும் ஆரஞ்சாக இருக்க வேண்டும். தனியார் நிலத்தில் கட்டாயமில்லை, என்றாலும் போடாமல் போவது முட்டாள்தனம்.

நம்மூர்ப் புள்ளிமானும் இங்கே உண்டு. 1932 வாக்கில் கொண்டுவந்து விட்டது, நடு டெக்சஸின் குன்றுப் பகுதியான ஹில் கன்ட்ரி எங்கும் பெருகிவிட்டது. இந்தியாவில் 1972 வனவுயிர்ச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கும் அதே மானுக்கு இங்கே சீசனும் இல்லை, எண்ணிக்கை வரம்பும் இல்லை; லைசென்ஸும் நில உரிமையாளர் சம்மதமும் போதும். குட்டி வெண்வாலுக்கும் புள்ளி இருக்கும், அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். புள்ளிமானுக்கு வயதானாலும் புள்ளி மறையாது.

வெண்வால் கறியை விற்கக் கூடாது, நண்பருக்குக் கொடுக்கலாம். கொடுக்கும்போது ஒரு தாளில் உங்கள் பெயர், முகவரி, லைசென்ஸ் எண், கையொப்பம், வாங்குபவர் பெயர், எந்த மானின் எந்தப் பாகம், எடுத்த தேதி, பண்ணை, கவுண்டி எழுதிக் கறியோடு அனுப்புங்கள்.