மாநாடு நடத்தியவருக்கு மிஞ்சுவது

பைத்தான் என்ற நிரல்மொழியைப் பயன்படுத்துகிறவர்களுக்காக அமெரிக்காவில் 2003 முதல் ஆண்டுதோறும் நடந்துவரும் பைக்கான் மாநாட்டில் நீண்ட கால வழக்கம் ஒன்று உண்டு. உரையாற்றுகிறவரானாலும் அமைப்புக் குழுவில் இருப்பவரானாலும் நுழைவுச் சீட்டைப் பணம் கொடுத்தே வாங்க வேண்டும். கையில் பணமில்லாதவருக்கு உதவித்தொகை தனியாக வழங்கப்படும். மாதக்கணக்கில் தம் மாலைப் பொழுதுகளை ஒரு மாநாட்டுக்குக் கொடுத்துவிட்டு, அதற்குள் நுழையவும் தாமே பணம் கட்டுகிற ஒருவர் எதை எதிர்பார்த்து அதைச் செய்கிறார் என்ற கேள்வி, சென்னையில் மென்பொருள் வேலை பார்த்துக்கொண்டே பைத்தான் நிரலாளர்களின் மாநாடுகளில் தன்னார்வலராக இருந்துவரும் எனக்கும் உரியதுதான். அந்தக் கணக்கை இங்கே போட்டுப் பார்க்கிறேன்.

பைக்கான் இந்தியா 2009இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழக வளாகத்தில் தொடங்கியது. பிறகு புணே, டெல்லி, ஐதராபாத் என்று ஊர் மாறி, 2019இல் சென்னைக்கும் வந்தது. எந்த ஊரானாலும் அதைத் தாங்கியவர்கள் பகலில் வேறு வேலை பார்க்கிற தன்னார்வலர்களே. இத்தகைய குழுக்களுக்கு ஆள் சேர்க்கும்போது வழக்கமாகச் சொல்லப்படும் பயன்கள், துறையில் நாலு பேரின் அறிமுகம் கிடைக்கும் என்பதும், தன்விவரக் குறிப்பில் ஒரு வரி கூடும் என்பதும். என் கணிப்பில் இவ்விரண்டும்தான் கிடைப்பவற்றிலேயே மிக மலிவானவை. வேலைக்கான நேர்காணலில் மேசையின் இரு பக்கமும் அமர்ந்திருக்கிறேன்; அந்த ஒரு வரிக்காக எவரும் சம்பளத்தைக் கூட்டிக் கொடுத்ததை நான் கண்டதில்லை. நல்ல உரைகளைக் கேட்கலாம் என்று சொல்கிறவர்களும் உண்டு. ஆனால் கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கிறவர் கடைசிப் பந்தியில் கிடைத்ததைச் சாப்பிட்டு எழுவதைப் போல, அமைப்பாளருக்கு உரை என்பது ஒரு மாதம் கழித்து யூடியூபில் பார்க்க வேண்டிய ஒன்றாகவே ஆகிவிடுகிறது. மாநாட்டு நாளில் அவர் காதில் விழுவதெல்லாம் ஒலிவாங்கி வேலை செய்யவில்லை, மடிக்கணினியைத் திரையோடு இணைக்கும் கம்பியைக் காணவில்லை என்ற குரல்கள்தாம்.

எனக்கு உண்மையாகவே பயன் தந்தது, பேச விரும்புகிறவர்கள் அனுப்பும் முன்மொழிவுகளைப் படித்து எவை மேடையேற வேண்டும் என்று முடிவு செய்யும் உரைத் தேர்வுக் குழு. பார்வையாளருக்கு மேடையேறிய உரைகள் மட்டுமே தெரியும். தேர்வுக் குழுவில் இருப்பவருக்கோ மேடையேறாதவையும் தெரியும், இரண்டாவதில்தான் பாடம் அதிகம். எழுதியவரின் பெயரையும் நிறுவனத்தையும் மறைத்துவிட்டு முன்மொழிவுகளை வரிசையாகப் படிக்கும்போது, பெயரைப் பார்த்தே மதிப்பெண் போட்டுவந்த நம் பழக்கம் நமக்கே தெரியவரும். ஆறு வரியில் தன் சிக்கலைத் தெளிவாகச் சொல்லிவிட்ட அறிமுகமில்லாத ஒருவருடைய முன்மொழிவு, இரண்டு பக்கத்துக்குச் சொல்லடுக்கு செய்த மூத்தவருடையதைத் தாண்டிச் செல்வதை அங்கே அடிக்கடி காணலாம். துறை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதும் அங்கே முதலில் தெரியும். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த பிறகு நான் படித்த குவியல்களில், அதற்கு அடிப்படையான பெரும் மொழி மாதிரிகளைப் பற்றிய முன்மொழிவுகள் மற்றத் தலைப்புகளை ஓரங்கட்டத் தொடங்கின. அவற்றுள் தம் கையால் எதையேனும் கட்டிப் பார்த்தவர் யார், செய்தியைப் படித்துவிட்டு எழுதியவர் யார் என்று பிரித்தறியும் பார்வை, அலுவலகத்தில் வடிவமைப்பு ஆவணங்களைப் படிக்கும்போதும் எனக்குக் கைகொடுக்கிறது. இதற்கு மேல், மறுப்புக் கடிதம் எழுதுவது என்று ஒன்று இருக்கிறது. போட்டி கடுமையாக இருந்தது என்ற பொது வரியோடு முடித்துக்கொள்ளாமல், இந்த உரையில் எந்த இடம் தெளிவாக இல்லை, அடுத்த ஆண்டு எதைச் சேர்த்து அனுப்பலாம் என்று ஒவ்வொருவருக்கும் எழுதுவது சலிப்பூட்டும் வேலை. ஆனால், ஒருவருடைய உழைப்பை அவர் மனம் உடையாமல் திருப்பி அனுப்ப எனக்கு வேறெந்த இடமும் கற்றுத் தரவில்லை.

பணப் பொறுப்பும் நிறையவே கற்றுக் கொடுக்கும். ஆனால் இன்பமாக அல்ல. அரங்கத்துக்கான முன்பணம் மாதங்களுக்கு முன்பே கட்டப்பட வேண்டும், ஆதரவு தருவதாகச் சொன்ன நிறுவனத்தின் தொகையோ மாநாடு முடிந்த பிறகுகூட வந்து சேரலாம், அதிலும் டிடிஎஸ் என்று முன்கூட்டியே கழிக்கப்படும் வருமான வரிப் பிடித்தம் போக மீதிதான் வரும். இந்த இடைவெளியை எப்படிக் கடப்பது என்று யோசித்தவருக்கு, லாபத்தில் இருக்கும் ஒரு நிறுவனமும் ரொக்கம் இல்லாமல் ஏன் திணறுகிறது என்பதை எவரும் விளக்க வேண்டியதில்லை. நிரல் எழுதுகிறவர்களில் பலர் ஓய்வு பெறும்வரை இதை அறியாமலே இருந்துவிடலாம்.

மனிதர்களைப் பற்றிச் சொல்வதானால், அறிமுகம் என்பதையும் நம்பிக்கை என்பதையும் பிரித்தே எடைபோட வேண்டும். தேநீர் இடைவேளையில் முகவரி அட்டை மாற்றிக்கொண்டவர்கள் அறிமுகமானவர்கள், அவ்வளவே. சாப்பாடு பற்றாக்குறையாகிவிட்ட மதியத்தில் யாரையும் குறை சொல்லாமல் பக்கத்து உணவகத்துக்கு ஆள் அனுப்பியவர் யார், மின்னஞ்சலில் எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டுவிட்டு அன்று காலையில் தொலைபேசியை எடுக்காதவர் யார் என்பதை ஒரு குழுவாக உழைத்தவர்கள் மட்டுமே அறிவார்கள். பின்னாளில் ஒருவரை வேலைக்குப் பரிந்துரைக்க நேரும்போது என்னிடம் இருப்பது அவரைப் பற்றிய கருத்து அல்ல, கண்ணால் கண்ட சான்று. என்னைப் பற்றியும் அதே அளவுக்குச் சான்று அவர்களிடம் சேர்ந்திருக்கும் என்பதால், இந்த வரவு எல்லார்க்கும் வரவாகவே முடியும் என்று சொல்ல மாட்டேன்.

இந்தப் பலன்கள் சமமாகப் பங்கிடப்படுவதில்லை என்பது எனக்கு நெடுநாள் உறுத்தல். தேர்வுக் குழுவிலும் ஆதரவாளர் குழுவிலும் பெரும்பாலும் அனுபவசாலிகளே அமர்கிறார்கள். பதிவு மேசையிலும் அரங்க வாசலிலும் கல்லூரி மாணவர்கள் நாள் முழுவதும் நிற்கிறார்கள். முன்னவர்களுக்குக் கிடைக்கும் அறிவில் பத்தில் ஒரு பங்குகூடப் பின்னவர்களுக்குக் கிடைப்பதில்லை. ஒரு டி-சர்ட்டும் சான்றிதழும் கிடைக்கின்றன. அனுபவம் கிடைக்கும் என்று சொல்லி மாணவர்களை நிறுத்தும் குழு, அவர்களில் சிலரையாவது மறுஆண்டுத் தேர்வுக் குழுவில் உட்கார வைக்காவிட்டால், அந்தச் சொல்லுக்குப் பொருளில்லை. உணவுக்கும் போக்குவரத்துக்குமான செலவைக்கூட அவர்கள் கையிலிருந்தே செய்ய விடுவது, வரவு செலவு உபரியில் முடிகிற மாநாட்டுக்கு அழகல்ல.

நீலகிரியில் இருந்துகொண்டு இந்தியாவில் பைத்தானைப் பரப்பியவரும், இந்தியப் பைத்தான் சங்கத்தின் தலைவராக இருந்தவருமான கென்னத் கொன்சால்வெஸ் 2012இல் மறைந்தார். அவர் நினைவாக இந்தியப் பைத்தான் சமூகத்துக்கு உழைத்தவர்களுக்கு ஒரு விருது வழங்கப்பட்டு வருகிறது. இத்தகைய அங்கீகாரத்தை நான் சிறிதாக நினைக்கவில்லை. ஆயினும் விருது ஆண்டுக்கு ஒருவருக்கோ சிலருக்கோதான் கிடைக்கும் என்பதால், கணக்கில் அதை எதிர்பார்க்கும் வரவாக எழுதக் கூடாது.

செலவுப் பக்கத்தில் நேரத்தைவிடக் கவனத்தின் சேதமே பெரிது. மாநாட்டுக்கு முந்தைய வாரங்களில் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தாலும் மனம் அடையாள அட்டை அச்சகத்தில்தான் இருக்கும், வீட்டில் பேசுகிறவர்களுக்கு அரைகுறையாகவே பதில் கிடைக்கும். சமூகப் பங்களிப்பை ஆண்டு மதிப்பீட்டில் பாராட்டும் நிறுவனங்கள்கூட அதற்கென்று விடுப்பு தரத் தயங்குகின்றன. ஆக, அந்த நாட்கள் குடும்பத்துக்கென்று வைத்திருந்த விடுப்பிலிருந்தே கழிகின்றன. வேலையைக் கூலிக்கு விட்டுவிடலாமே என்றால், அரங்க ஏற்பாடு, உணவு, ஒலி ஒளி ஆகியவற்றை விழா ஏற்பாட்டாளரிடம் ஒப்படைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை; பணம் வாங்குகிறவரிடம் தாமதத்துக்குக் காரணம் கேட்கலாம், தன்னார்வலரிடம் கேட்பது கடினம். உரைத் தேர்வை மட்டும் அப்படி ஒப்படைக்க முடியாது, அது அந்தத் தொழிலைச் செய்கிறவர்கள் தாமே செய்ய வேண்டியது.

எனவே இந்த ஆண்டு பொருளாளர் பொறுப்பு வேண்டாமென்று சொல்லிவிட்டு, முன்மொழிவுகளைப் படிக்கும் குழுவில் மட்டும் சேர்ந்திருக்கிறேன். சென்ற முறை பதிவு மேசையில் நின்ற மாணவர்களில் இருவரை அதே குழுவில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். முடிவை அடுத்த கூட்டத்தில் சொல்வதாகக் கூறியிருக்கிறார்கள்.